சுண்டெலித் திசு நோயியல் பொது ஆய்வகம்: புற்றுநோய் ஆய்வாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சுண்டெலிகளை வைத்துப் புற்றுநோய் ஆய்வு செய்பவர்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். முழுவதும் படிக்க நேரமில்லை என்றால், திசுவைக் கெடாமல் பதப்படுத்தும் திரவமான ஃபார்மலின் பற்றிய பதிலை மட்டுமாவது படித்துவிட்டு எலியைத் தொடுங்கள்.

இந்த ஆய்வகத்தின் வேலை என்ன?

நீங்கள் தரும் உறுப்பையோ கட்டியையோ பதப்படுத்தி, பாரஃபின் மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, ஸ்லைடாகத் தருகிறோம். விரும்பினால் ஸ்கேன் செய்து படக்கோப்பாகவும் தருவோம். சுண்டெலி நோயியலில் பயிற்சி பெற்ற வல்லுநர் ஸ்லைடைப் பார்த்து அறிக்கையும் எழுதுவார். பதப்படுத்தும் இயந்திரம், சீவல் வெட்டும் மைக்ரோடோம், சாயமேற்றும் இயந்திரம், ஸ்கேனர் என்று எல்லாவற்றையும் ஒவ்வொரு ஆய்வுக் குழுவும் தனித்தனியாக வாங்கி வைப்பது வீண். அவற்றை இயக்கத் தெரிந்த கைகள் அதைவிட அரிது. அதனால்தான் இது பொது ஆய்வகமாக இருக்கிறது.

சோதனையின் எந்தக் கட்டத்தில் உங்களிடம் வரவேண்டும்?

எலிகளை வாங்குவதற்கு முன். பெரும்பாலோர் உறுப்புகள் நிறைந்த குழாய்ப் பெட்டியோடுதான் முதல் முறை வருகிறார்கள். அந்த நிலையில் எங்களால் செய்யக்கூடியது பாதிதான். எந்த உறுப்பை எந்தத் திரவத்தில் போட வேண்டும், எந்த வயதில் எடுக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க எத்தனை கட்டுப்பாட்டு எலிகள் (மருந்தோ மரபணு மாற்றமோ பெறாதவை) வேண்டும், உறைந்த திசுவும் தேவைப்படுமா என்பதெல்லாம் திட்டம் எழுதும்போதே முடிவாக வேண்டியவை. செல் பெருக்கத்தை அளக்க, பிரியும் செல்களின் டிஎன்ஏவில் போய்ச் சேரும் பிஆர்டியு அல்லது ஈடியு ஊசி போட வேண்டும் என்றால், எலி உயிரோடு இருக்கும்போதுதானே போட முடியும்? பிறகு நினைவுக்கு வந்து பயனில்லை.

வரும்போது உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். 'இந்த மரபணுவை நீக்கினால் கட்டி சிறிதாகிறது. செல்கள் அதிகம் சாவதாலா, குறைவாகப் பிரிவதாலா?' என்பது நல்ல கேள்வி. 'எல்லா உறுப்பையும் பார்த்து ஏதாவது இருக்கிறதா சொல்லுங்கள்' என்பதும் சில நேரம் நியாயமானதுதான், புதிதாக உருவாக்கிய மரபணு எலிக்கு அப்படித்தான் பார்க்க வேண்டும். ஆனால் அது வேறு வகை வேலை, வேறு அளவு உழைப்பு.

எலி இறந்த பிறகு உறுப்புகளை எடுக்க எவ்வளவு நேரம் இருக்கிறது?

நிமிடங்கள்தான். இரத்த ஓட்டம் நின்றதும் திசு தன் நொதிகளாலேயே கரையத் தொடங்கிவிடுகிறது. குடலும் கணையமும் பித்தப்பையும் முதலில் போகும். தாமதமாக எடுத்த சிறுகுடலை நுண்ணோக்கியில் பார்த்தால், விரல் போன்ற உறிஞ்சிகளின் மேலிருக்கும் செல் அடுக்கு கழன்று குழிக்குள் மிதப்பது தெரியும். 'மருந்து குடலைப் பாதித்திருக்கிறது' என்று அதைப் படிப்பவர்கள் உண்டு. பாதித்தது மருந்தல்ல, கடிகாரம்.

ஆகவே பத்து எலிகளை ஒரே நேரத்தில் கருணைக்கொலை செய்துவிட்டு வரிசையாகத் திறக்காதீர்கள். ஒன்றை முடித்த பிறகு அடுத்தது. கட்டுப்பாட்டு எலிகளை எல்லாம் முதலிலும் மருந்து பெற்றவற்றைக் கடைசியிலும் எடுப்பது இன்னும் மோசம். கைவேகமும் களைப்பும் இரு குழுக்களுக்கும் வேறாகிவிடும். மாற்றி மாற்றி எடுங்கள்.

கருணைக்கொலை முறையும் ஸ்லைடில் தெரியும். கழுத்தெலும்பை விலக்கினால் கழுத்துப் பகுதியிலும் தைமஸைச் சுற்றியும் இரத்தக் கசிவு இருக்கும். கரியமில வாயு கொடுத்தால் நுரையீரலில் இரத்தக் கசிவு வரலாம். எந்த முறை என்று படிவத்தில் குறித்துவிடுங்கள்.

காலையில் கூண்டில் இறந்து கிடந்த எலியைக் கொண்டுவரலாமா என்றும் கேட்கிறார்கள். கொண்டுவாருங்கள், ஆனால் உறைய வைக்க வேண்டாம், குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைத்தால் போதும். கட்டி இருந்ததா, எங்கே பரவியது என்பது வரை பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

ஃபார்மலினில் போட்டு வைத்தால் போதும்தானே?

எப்படிப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எங்களிடம் வரும் மோசமான ஸ்லைடுகளில் பெரும்பாலானவை இங்கேதான் கெடுகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

வேண்டியது 10 சதவீத நடுநிலைத் தாங்கல் ஃபார்மலின். அதில் உண்மையான ஃபார்மால்டிஹைடு சுமார் 4 சதவீதம்தான். தாங்கல் சேர்க்காத ஃபார்மலின் நாளடைவில் அமிலமாகி, திசுவில் பழுப்புக் கருமையான படிவை உண்டாக்கும். அதை நிறமி என்று எண்ணி ஏமாறலாம்.

திரவத்தின் அளவு திசுவின் அளவைப்போல் குறைந்தது 10 மடங்கு, முடிந்தால் 20 மடங்கு. 50 மி.லி. குழாயில் கல்லீரல், சிறுநீரகம், நுரையீரல், கட்டி எல்லாவற்றையும் திணித்து, மேலே கொஞ்சம் ஃபார்மலினைத் தெளித்துக் கொண்டுவருவது பதப்படுத்தல் அல்ல, ஊறுகாய் போடுவது.

ஃபார்மலின் திசுவுக்குள் நுழையும் வேகம் முதல் மணி நேரத்தில் ஏறத்தாழ 1 மி.மீ. உள்ளே போகப் போக வேகம் குறையும். 1.5 செ.மீ. குறுக்களவுள்ள கட்டியை அப்படியே போட்டால் வெளி ஓடு நன்றாகப் பதப்பட்டிருக்கும், நடுப்பகுதி கூழாகியிருக்கும். வேகமாக வளரும் கட்டிகளில் நடுப்பகுதி இயல்பாகவே இரத்தம் எட்டாமல் இறந்துபோகும். அது உயிரோடிருந்தபோது இறந்த திசுவா, குழாயில் கெட்ட திசுவா என்று பிரித்துச் சொல்வது பிறகு எங்களுக்குத் தலைவலி. 5 மி.மீ.க்கு மேல் தடிமன் இல்லாதபடி கூரிய கத்தியால் வெட்டிப் போடுங்கள். கத்தரிக்கோலாலும் இடுக்கியாலும் நசுக்க வேண்டாம். நசுங்கிய செல்களின் உட்கரு நீண்ட கோடுகளாக இழுபட்டு நிற்கும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

நேரம் 24 முதல் 48 மணி, அறை வெப்பநிலையில். அதன் பிறகு 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள். வாரக்கணக்கில் ஃபார்மலினிலேயே கிடந்தால் புரதங்களுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் கூடிக்கொண்டே போய், குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டும் ஆன்டிபாடி போய் ஒட்ட வேண்டிய இடம் மறைந்துவிடும். ஓரளவு மீட்கலாம், முழுதாக முடியாது. நியூக்ளிக் அமிலங்களும் துண்டு துண்டாகும். வெள்ளிக்கிழமை மாலை எலிகளைத் திறக்கத் திட்டமிடுகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை யார் வந்து எத்தனாலுக்கு மாற்றுவது என்பதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

முக்கியமான இன்னொன்று: உறைய வைத்த திசுவை எடுத்து ஃபார்மலினில் போடாதீர்கள். பனிப்படிகங்கள் செல்களைக் குத்திக் கிழித்திருக்கும். அதை எந்தச் சாயமும் சரிசெய்யாது.

எல்லா உறுப்புகளுக்கும் இதே முறைதானா?

இல்லை. நுரையீரலை அப்படியே எடுத்துப் போட்டால் சுருங்கிய பஞ்சுபோல் வரும், சிறு கட்டிகள் அந்தச் சுருக்கங்களுக்குள் ஒளிந்துகொள்ளும். மூச்சுக்குழாய் வழியாக ஊசியால் மெதுவாக ஃபார்மலினைச் செலுத்துங்கள். வளர்ந்த சுண்டெலிக்கு 1 மி.லி. அளவில், மடல்கள் விரிந்து நிரம்பும்வரை. அதற்கு மேல் அழுத்தினால் காற்றறைச் சுவர்கள் கிழியும்.

குடலை நீளவாக்கில் திறந்து, கழுவி, உள்பக்கம் மேலிருக்க, பாய் சுருட்டுவது போல் சுருட்டினால் முழு நீளமும் ஒரே ஸ்லைடில் வந்துவிடும். இதைச் சுவிஸ் ரோல் என்கிறோம். பெருங்குடலில் எத்தனை கட்டிகள், எந்த முனையில் அதிகம் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி தெரியாது. சுருட்டும் கலை முதல் நாளில் கைவராது, நேரில் வந்தால் காட்டித் தருகிறோம்.

எலும்பை வெட்டுவதற்கு முன் சுண்ணாம்புச் சத்தை நீக்க வேண்டும். ஆன்டிபாடி, ஆர்என்ஏ வேலை இருக்கிறது என்றால் ஈடிடிஏ கரைசல். அதற்கு ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். ஃபார்மிக் அமிலம் சில நாட்களில் முடித்துவிடும், வழக்கமான சாயத்துக்குப் போதும். கடும் அமிலங்களை நாங்கள் தவிர்க்கிறோம். விந்தகத்துக்கும் கண்ணுக்கும் ஃபார்மலினைவிட மாற்றியமைத்த டேவிட்சன் திரவம் நல்லது. பால்சுரப்பியை ஒரு பக்கம் கண்ணாடியில் விரித்து முழுச் சுரப்பியாகக் கார்மைன் சாயமேற்றவும், மறு பக்கத்தை மெழுகில் பதிக்கவும் கொடுங்கள். மற்ற உறுப்புகள் பொது முறையிலேயே நன்றாக வரும்.

மனிதத் திசுவைப் பதப்படுத்தும் மருத்துவமனை ஆய்வகத்திலேயே கொடுத்துவிடலாமே?

கொடுக்கலாம், கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் அங்கே இயந்திரம் பெரிய திசுத் துண்டுகளுக்காக இரவு முழுக்க ஓடும்படி அமைத்திருப்பார்கள். சுண்டெலியின் சின்ன உறுப்புகள் அதில் அளவுக்கு மீறி நீர் வற்றி உடையும் தன்மைக்கு வந்துவிடும். வெட்டும்போது கோடு கோடாக விரிசல் விடும். நாங்கள் சுண்டெலிக்கென்று குறுகிய சுற்று ஓட்டுகிறோம்.

மெழுகுப் பிளாக்கா, உறைந்த திசுவா?

திசுவின் அமைப்பை நன்றாகப் பார்க்க மெழுகு. 4 அல்லது 5 மைக்ரான் தடிமனில் வெட்டுவோம், பிளாக்கும் பல ஆண்டுகள் கெடாது. கொழுப்பைப் பார்க்க ஆயில் ரெட் ஓ சாயம் வேண்டுமென்றால் உறைந்த திசுதான், மெழுகு முறையில் சைலீனும் ஆல்கஹாலும் கொழுப்பைக் கரைத்துவிடும். ஜிஎஃப்பி, டிடிடொமேட்டோ போன்ற ஒளிரும் புரதங்களை நேரடியாகப் பார்க்கவும் உறைந்த திசு வசதி. மெழுகில் அந்த ஒளி பெரும்பாலும் அணைந்துபோகும், ஆனால் ஜிஎஃப்பிக்கு எதிரான ஆன்டிபாடியைக் கொண்டு மெழுகுச் சீவலிலும் கண்டுபிடிக்கலாம். சில ஆன்டிபாடிகள் உறைந்த திசுவில் மட்டுமே வேலை செய்யும்.

உறைய வைக்கும்போது திசுவை ஓசிடி பசையில் அமர்த்தி, உலர்பனியிலோ திரவ நைட்ரஜனிலோ குளிரவைத்த ஐசோபென்டேனில் வைத்து வேகமாக உறைய வையுங்கள். −80 டிகிரி பெட்டியில் சும்மா வைத்து மெதுவாக உறைய விட்டால் ஓட்டை ஓட்டையாக வரும். கட்டி போதுமான அளவு இருந்தால் பாதியை ஃபார்மலினில், பாதியை உறைய வைத்து வாருங்கள். எந்தப் பாதி எது என்று ஒரு கோட்டோவியம் போட்டால் இன்னும் நல்லது.

கேசட்டில் (திசுவை வைக்கும் சிறு பிளாஸ்டிக் பெட்டியில்) எதைக் கொண்டு எழுதுவது?

பென்சில். சாதாரண மார்க்கர் மை எத்தனாலிலும் சைலீனிலும் கரைந்து ஓடிவிடும், பிறகு எந்த எலி எது என்று யாராலும் சொல்ல முடியாது. எலி எண்ணை மட்டும் எழுதுங்கள். 'மருந்து', 'மருந்தில்லை' என்று எழுத வேண்டாம், காரணம் கீழே வருகிறது.

ஒரு கட்டிக்கு ஒரு சீவல் போதாதா?

கட்டி எந்த வகை என்று தெரிய போதும். எண்ணிக்கை சொல்லப் போதாது. நுரையீரலுக்குப் பரவிய கட்டிகளை எண்ணுபவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். 5 மைக்ரான் சீவலில் 300 மைக்ரான் குறுக்களவுள்ள கட்டி மாட்டுவது அதிர்ஷ்டம். அதோடு பெரிய கட்டிகள் சீவலில் அகப்படும் வாய்ப்பு சிறியவற்றைவிட அதிகம். ஆக, மருந்து கட்டிகளின் அளவை மட்டும் குறைத்திருந்தாலும், எண்ணிக்கையே குறைந்ததுபோல் தோன்றும். அதனால் 100 அல்லது 200 மைக்ரான் இடைவெளி விட்டுப் பல மட்டங்களில் வெட்டுகிறோம். எத்தனை மட்டம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து எல்லா எலிகளுக்கும் ஒரேபோல் செய்ய வேண்டும். முடிவு பிடிக்காத எலிக்கு மட்டும் 'இன்னும் நாலு மட்டம் வெட்டிப் பாருங்களேன்' என்று கேட்டால் செய்ய மாட்டோம்.

வெஸ்டர்ன் பிளாட்டில் அருமையாக வேலை செய்யும் ஆன்டிபாடி வைத்திருக்கிறேன். அதையே ஸ்லைடில் போடலாமா?

போட்டுப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது. வெஸ்டர்ன் என்பது திசுவைக் கரைத்து எடுத்த புரதங்களில் ஒன்றைக் கண்டறியும் சோதனை, அதில் புரதம் குலைந்து நீண்டு கிடக்கிறது, ஸ்லைடில் ஃபார்மலினால் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. ஒன்றில் தெரியும் முகம் மற்றதில் தெரியாமல் போகலாம். புது ஆன்டிபாடி என்றால், அந்தப் பூட்டைத் தளர்த்த பிஎச் 6 சிட்ரேட், பிஎச் 9 டிரிஸ்-ஈடிடிஏ என்று இருவகைக் கொதிப்பிலும் பல செறிவுகளில் ஓட்டிப் பார்ப்போம். அதற்குப் புரதம் நிச்சயம் இருக்கும் திசு ஒன்றும், நிச்சயம் இல்லாத திசு ஒன்றும் வேண்டும். அந்த மரபணு நீக்கிய எலியின் திசு உங்களிடம் இருந்தால் அதைவிடச் சிறந்த சோதனை கிடையாது. ஆன்டிபாடி ஒட்டிய இடம் ஸ்லைடில் பழுப்பாகத் தெரியும். நீக்கிய எலியிலும் பழுப்பாக வந்தால் ஆன்டிபாடியைத் தூக்கி எறிய வேண்டியதுதான், எத்தனை கட்டுரைகளில் அது வந்திருந்தாலும் சரி.

மனிதத் திசுவில் பேர்பெற்றது என்பதும் சான்றல்ல. செல் பெருக்கத்துக்கான கேஐ-67 சாயத்தில், மருத்துவமனைகளில் வழக்கமாகப் பயன்படும் எம்ஐபி-1 என்ற ஆன்டிபாடி வகை (குளோன்) சுண்டெலித் திசுவில் ஒட்டாது. முயலில் உருவான எஸ்பி6 குளோன் ஒட்டும். இறக்கும் செல்களுக்குப் பிளவுபட்ட காஸ்பேஸ்-3, மேக்ரோஃபேஜ்களுக்கு எஃப்4/80, டி செல்களுக்கு சிடி3, பி செல்களுக்கு பி220, இரத்தக் குழாய்களுக்கு சிடி31 ஆகியவை எங்களிடம் எப்போதும் தயாராக இருக்கும்.

ஸ்லைடு முழுக்கப் பழுப்பாக வந்திருக்கிறதே, ஏன்?

முதலில் ஆன்டிபாடி எந்த விலங்கில் உருவானது என்று பாருங்கள். சுண்டெலியில் உருவான ஆன்டிபாடியைச் சுண்டெலித் திசுவில் போட்டால், இரண்டாவதாகப் போடும் 'சுண்டெலி ஆன்டிபாடியைத் தேடும்' ஆன்டிபாடி, திசுவில் ஏற்கனவே இருக்கும் எலியின் சொந்த ஆன்டிபாடிகளையும் பிடித்துக்கொள்ளும். மண்ணீரல், நிணநீர்க்கணு, வீக்கம் உள்ள கட்டி எல்லாம் பளிச்சென்று வரும். இதைத் தடுக்கத் தனி முறைகள் இருக்கின்றன, செய்து தருகிறோம். முயலில் உருவானதைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இறந்த திசுவும் எதையும் உறிஞ்சும். கட்டியின் நடுவில் இருக்கும் பழுப்பை நம்பாதீர்கள்.

மனிதக் கட்டியை எலியில் வளர்த்திருக்கிறேன். ஸ்லைடில் எது மனித செல், எது எலி செல்?

ஒளிர்சாய ஸ்லைடு என்றால், உட்கருவின் டிஎன்ஏவில் ஒட்டும் டாப்பி சாயத்திலேயே துப்பு இருக்கிறது. சுண்டெலி உட்கருவில் பிரகாசமான புள்ளிகள் பல சிதறியிருக்கும். மனித உட்கரு அப்படியின்றி ஓரளவு சீராக இருக்கும். பழகிய கண் உடனே பிரித்துவிடும். உறுதி செய்ய, மனிதப் புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடி போடுவோம். நோயாளியின் கட்டியை எலியில் நட்டு வளர்த்தாலும், எலியிலிருந்து எலிக்கு ஒன்றிரண்டு முறை மாற்றுவதற்குள் அதன் இணைப்புத் திசுவும் குழாய்களும் பெரும்பாலும் எலியினுடையதாகிவிடும். 'கட்டியின் சூழலை' அளப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. எதிர்ப்புச் சக்தி இல்லாத என்எஸ்ஜி போன்ற எலிகளில் நடும்போது, நோயாளியின் கட்டியோடு ஒட்டிவந்த பி செல்கள் எப்ஸ்டீன்-பார் வைரஸின் தூண்டுதலால் லிம்ஃபோமாவாக வளர்ந்துவிடுவதுண்டு. தோலுக்கடியில் கட்டி நன்றாகத்தான் வளரும். நீங்கள் நட்டது நுரையீரல் புற்றுநோய், எலியிலிருந்து எலிக்கு மாற்றிக்கொண்டிருப்பது லிம்ஃபோமா. புதிதாக நட்ட ஒவ்வொரு கட்டியிலிருந்தும் ஒரு துண்டை எங்களிடம் அனுப்புங்கள். ஒரு வழக்கமான ஸ்லைடும் மனித சிடி45 சாயமும் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

மருத்துவமனையில் நண்பர் ஒருவர் நோயியல் வல்லுநர். அவரே பார்த்துச் சொன்னால் போதாதா?

அவர் திறமையில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் சுண்டெலி ஒரு குட்டி மனிதன் அல்ல. மனிதப் புராஸ்டேட் ஒரே உருண்டை, சுண்டெலிக்கோ தனித்தனி மடல்கள், மடலுக்கு மடல் செல்களின் தோற்றமும் வேறு. சுண்டெலியின் இரைப்பையில் முன்பகுதி தோல்போன்ற செல்களால் ஆனது, மனிதனுக்கு அந்தப் பகுதியே கிடையாது. கல்லீரல் செல்களின் உட்கருக்கள் இயல்பாகவே சிறிதும் பெரிதுமாக இருக்கும், மனித ஸ்லைடில் அப்படிப் பார்த்தால் கவலைப்படுவார்கள். ஆண் எலியின் தாடைக்கீழ் உமிழ்நீர்ச் சுரப்பியும் பெண்ணினதும் வேறு வேறு உறுப்புகள்போல் தெரியும்.

மண்ணீரலை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த மனிதனின் மண்ணீரலில் இரத்த செல்கள் உற்பத்தியானால் அது நோய்க்குறி. சுண்டெலியில் வாழ்நாள் முழுக்க அது நடக்கிறது. உடம்பில் கட்டி இருந்தால் இன்னும் கூடும். 4டி1 மார்புக் கட்டி நட்ட எலிகளில் மண்ணீரல் பலமடங்கு வீங்கும், கட்டி சுரக்கும் பொருட்கள் வெள்ளணுக்களைப் பெருக்குவதால். அந்த வீக்கத்தைப் பரவல் என்று எண்ணிப் படமெடுத்துக்கொண்டு வருவார்கள். ஸ்லைடில் பெரிய, கோணல்மாணலான உட்கருவுள்ள செல்கள் தெரியும், பார்த்தால் புற்று செல்கள்போலத்தான் இருக்கும். அவை தட்டணுக்களை உண்டாக்கும் மெகாகேரியோசைட்டுகள்.

நாலாவது பால்சுரப்பிக் கொழுப்புக்குள் ஒரு நிணநீர்க்கணு இயல்பாகவே இருக்கும். கட்டியை நடும் இடமும் பெரும்பாலும் அதுதான். 'கட்டிக்குள் டி செல்கள் குவிந்திருக்கின்றன' என்று காட்டப்படும் படத்தில் ஓரமாக இருப்பது அந்தக் கணுவாக இருக்கலாம்.

பெயரிடுவதற்கும் தனி மரபு உண்டு. மனித வகைப்பாட்டை அப்படியே ஒட்டவைத்தால் குழப்பம் என்பதால், மனித, விலங்கு நோயியல் வல்லுநர்கள் சேர்ந்து உட்கார்ந்து சுண்டெலிக்கென ஒப்புக்கொண்ட வகைப்பாடுகளை வெளியிட்டார்கள். பால்சுரப்பிக்கு 2000-லும், புராஸ்டேட்டுக்கும் நுரையீரலுக்கும் 2004-லும், கணையத்துக்கு 2006-லும் அவை வந்தன. கொறிவிலங்குகளின் எல்லா உறுப்புகளுக்கும் பொதுச் சொற்களைத் தரும் இன்ஹேண்ட் தொகுப்பும் இருக்கிறது. எங்கள் அறிக்கைகள் இவற்றைப் பின்பற்றும். உங்கள் நண்பரும் எங்கள் வல்லுநரும் சேர்ந்து பார்த்தால் இன்னும் சிறப்பு. அவருக்கு நோயாளி தெரியும், எங்களுக்கு எலி தெரியும்.

என் எலியின் மரபுவகையை ஏன் இவ்வளவு துருவிக் கேட்கிறீர்கள்?

ஒவ்வொரு வகைக்கும் அதற்கே உரிய நோய்கள் இருப்பதால். எஃப்விபி எலிகள் பிறவிக் குறையால் விழித்திரை கெட்டுப் பார்வை இழப்பவை. அவற்றில் வயதான பெண் எலிகளுக்குப் பிட்யூட்டரி மிகையாக வளர்ந்து, புரோலாக்டின் கூடி, பால்சுரப்பியும் தானாகப் பெருக்கும். மார்பகப் புற்றுநோய் ஆய்வில் அதிகம் பயன்படுவதும் இந்த வகைதான் என்பதை யோசித்துப் பாருங்கள். ஏ/ஜே எலிக்கு நுரையீரல் கட்டி தானே வரும். சி3ஹெச் ஆண்களுக்குக் கல்லீரல் கட்டி, ஏகேஆர்-க்குத் தைமஸ் லிம்ஃபோமா, 129-இன் சில கிளைகளில் விந்தக டெரடோமா. பிளாக் 6 (சி57பிஎல்/6) எலிக்குத் தோலில் புண் வரும், அதனாலேயே மண்ணீரலும் நிணநீர்க்கணுக்களும் வீங்கும். 'என் மரபணுவால்தான் கட்டி வந்தது' என்று எழுதுவதற்கு முன் இதையெல்லாம் தள்ளிவைத்தாக வேண்டும்.

கலப்பு வகை என்றால் 'பிளாக் 6 மாதிரிதான்' என்று எழுதாமல், எத்தனை தலைமுறை திருப்பிக் கலந்தீர்கள் என்று எழுதுங்கள்.

கட்டுப்பாட்டு எலிகளையும் அனுப்ப வேண்டுமா? அவற்றில் ஒன்றுமே இல்லையே.

ஒன்றுமில்லை என்பதைப் பார்த்துத்தானே சொல்ல முடியும்! கண்டிப்பாக அனுப்புங்கள். ஒரே ஈற்றில் பிறந்தவை, ஒரே பால், ஒரே வயது, முடிந்தால் ஒரே கூண்டு. அதே நாளில் அதே ஃபார்மலினில் போட்டவையாகவும் இருக்கட்டும். சென்ற ஆண்டு எடுத்து வைத்த கட்டுப்பாட்டு ஸ்லைடோடு இன்றைய சோதனையை ஒப்பிட்டால், சாய வேறுபாட்டைத்தான் அளப்பீர்கள்.

எந்த எலிக்கு மருந்து என்று உங்களிடம் சொல்லலாமா, கூடாதா?

இரண்டும். முதல் சுற்றில் வல்லுநருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும், அப்போதுதான் எதிர்பாராத மாற்றங்களைக் கண்டுபிடிக்க முடியும். 'குருடாக' முதல் தடவை பார்க்கச் சொன்னால், நுட்பமான ஒன்று கண்ணில் படாமலே போகலாம். எதை அளப்பது, எப்படி மதிப்பெண் போடுவது என்று முடிவான பிறகு, ஸ்லைடுகளின் பெயரை மறைத்து, வரிசையைக் கலைத்து, மதிப்பெண் போடுவோம். கேசட்டில் குழுவின் பெயரை எழுத வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

கணினியே எண்ணிவிடுமே, வல்லுநர் எதற்கு?

கணினி நன்றாகவே எண்ணும். 40 மடங்கில் ஸ்கேன் செய்தால் ஒரு பிக்சல் சுமார் 0.25 மைக்ரான். முழுக் கட்டியில் கேஐ-67 செல்களின் விகிதத்தைச் சலிக்காமல் கணக்கிட மனிதனால் முடியாது. 2017-இல் வெளியான க்யூபாத் மென்பொருள் இலவசம், பழகுவதும் எளிது, பயிற்சி தருகிறோம். ஆனால் எங்கே எண்ண வேண்டும் என்று கோடு போட ஆள் வேண்டும். இறந்த பகுதி, மடிந்த சீவல், ஓரத்து நிணநீர்க்கணு, கட்டிக்குள் சிக்கிய இயல்பான தசை எல்லாம் கணினிக்கு ஒன்றுதான். கோடு போட்ட படத்தையும் முடிவுகளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையை மதிப்பிடுபவர் கேட்பார்.

பழைய பிளாக்கிலிருந்து ஆர்என்ஏ எடுக்கலாமா?

எடுக்கலாம், துண்டு துண்டாக இருக்கும். 200 நியூக்ளியோடைடுக்கு மேல் நீளமுள்ள துண்டுகள் எத்தனை சதவீதம் என்று முதலில் அளந்து, எந்தச் சோதனைக்குத் தாங்கும் என்று சொல்வோம். திசுவின் எந்த இடத்தில் எந்த மரபணு இயங்குகிறது என்று காட்டும் இடஞ்சார்ந்த மரபணு வெளிப்பாட்டுச் சோதனைகளுக்கு ஸ்லைடு வெட்டும் முன் எங்களிடம் பேசுங்கள். அந்த ஸ்லைடுகளின் சின்னச் சட்டத்துக்குள் கட்டியின் எந்தப் பகுதி அமர வேண்டும் என்பதை வல்லுநர் குறித்துத் தந்தால்தான் செலவு வீணாகாது.

பாதுகாப்புக்கு என்ன தெரிவிக்க வேண்டும்?

மனிதத் திசு நட்ட எலி, வைரஸ் கடத்தி (மரபணுவைச் சுமந்து செல்லும் வைரஸ்) செலுத்திய எலி, கதிரியக்கப் பொருள் பெற்ற எலி எதுவானாலும் படிவத்தில் எழுதுங்கள். ஃபார்மலினில் போட்டவை பெரும்பாலும் ஆபத்தற்றவை, உறைந்தவை அப்படியல்ல, வெட்டும் கருவியில் எங்கள் கைதான் இருக்கிறது. ஃபார்மால்டிஹைடே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டது. மூடி இறுகாத குழாயைப் பையில் போட்டுத் தூக்கி வராதீர்கள்.

அவசரமாக நாளைக்கே வேண்டுமென்றால்?

வழக்கமான சாயம் என்றால், பதப்பட்ட திசு கையிலிருந்தால், சில நாட்களில் தர முயல்வோம். ஃபார்மலினில் ஊற வேண்டிய நேரத்தையும் எலும்பின் சுண்ணாம்பு கரைய வேண்டிய நேரத்தையும் எங்களால் சுருக்க முடியாது.

கட்டுரையில் உங்கள் பெயர் போட வேண்டுமா?

வெட்டி, சாயமேற்றித் தந்ததற்கு நன்றிப் பகுதியில் ஆய்வகத்தின் பெயரைக் குறிப்பிட்டால் போதும். அந்த வரிகளைக் காட்டித்தான் இந்தச் சேவைக்கு நிதி கேட்கிறோம், மறந்துவிடாதீர்கள். வல்லுநர் சோதனையை வடிவமைக்க உதவியிருந்தால், ஸ்லைடுகளைப் படித்து விளக்கம் தந்திருந்தால், படங்களைத் தேர்ந்தெடுத்திருந்தால், அவர் இணை ஆசிரியர். இதை முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள், கட்டுரை அனுப்பும் நாளில் அல்ல. ஆசிரியராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், நோயியல் படங்களும் அவற்றின் விளக்க வரிகளும் அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை எங்களிடம் காட்டுங்கள். அம்புக்குறி தவறான செல்லைக் காட்டுவது அடிக்கடி நடக்கிறது.

பிளாக்குகளை நீங்களே வைத்துக்கொள்வீர்களா?

அறிக்கை தந்த பிறகு திருப்பித் தந்துவிடுவோம். வெயிலும் வெப்பமும் படாத இடத்தில், எலி எண் எழுதிய பட்டியலோடு வையுங்கள். வெட்டிவைத்த சாயமேற்றாத சீவல்களில் ஆன்டிபாடி ஒட்டும் தன்மை மாதங்களில் குறையும், பிளாக்கில் அப்படிக் குறையாது. ஆகவே 'பிறகு தேவைப்படலாம்' என்று சீவல்களை அடுக்கி வெட்டி வாங்கிவைக்காமல், தேவைப்படும்போது பிளாக்கைக் கொண்டுவாருங்கள், புதிதாக வெட்டித் தருகிறோம்.